டி-ஷர்ட் உற்பத்திச் செலவை இஆர்பியில் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் சிறு, நடுத்தர பனியன் கம்பெனிகள் எக்செல்லை விட்டு இஆர்பிக்கு (வாங்குவது, உற்பத்தி, ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனிக்கும் மென்பொருள்) மாறும்போது ஆர்டரைக் கையாளும் மெர்ச்சண்டைசர்களும் கணக்குப் பிரிவினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. இங்கே எடுத்துக்கொண்ட மென்பொருள் இஆர்பிநெக்ஸ்ட். மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது. பதிப்புக்குப் பதிப்பு திரை கொஞ்சம் மாறும், கணக்கு மாறாது.

உதாரணம் முழுவதும் ஒரே உருப்படிதான்: ஆண்களுக்கான ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 30-ஆம் நம்பர் கோம்டு நூல், 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி துணி, 5,000 பீஸ் ஆர்டர். நூல் விலை, கூலி எல்லாம் கணக்கு புரிவதற்காக வைத்த எண்கள். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிஓஎம்-னா என்ன? என்னென்ன பொருள் வேணும்ங்கிற லிஸ்ட்தானே?

பிஓஎம் என்பது ‘பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்’. பொருள் பட்டியல் அதில் பாதி. ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி, ரிப், லேபிள், நூல்கண்டு, பாலி பேக் போகும் என்பது ஒரு பக்கம். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று எந்த வேலை எந்த மெஷினில் எத்தனை நிமிடம் என்பது மறுபக்கம். விற்கக்கூடிய கழிவு எவ்வளவு விழும் என்பதும் அதில் உண்டு. மென்பொருள் போடும் கணக்கு எளியது: பொருள் செலவோடு வேலைச் செலவைக் கூட்டி, கழிவின் மதிப்பைக் கழிக்கும்.

அதற்கு மேல் அதற்கு எந்தப் புத்தியும் கிடையாது. துணி 193 கிராம் என்று போட்டால் 193-ஐப் பெருக்கும், 215 என்று போட்டால் 215-ஐப் பெருக்கும். ஆகவே கீழே பெரும்பாலான பதில்கள் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதைவிட எந்த எண்ணைப் போடுவது என்பதைப் பற்றியவை.

எக்செல்லே நல்லாத்தான் ஓடுது. எதுக்கு மாறணும்?

ஒரே ஒரு கொட்டேஷன் போடுவதற்கு எக்செல் போதும், வேகமும் அதிகம். நூல் விலை ஏறியதும் ஓடிக்கொண்டிருக்கும் நாற்பது ஸ்டைலின் செலவும் எவ்வளவு ஏறும் என்று பார்க்கும்போதும், போன ஆர்டரில் போட்ட கணக்குக்கும் உண்மையில் ஆன செலவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கும்போதும்தான் அது கைவிடும். இந்த இரண்டும் தேவைப்படாதவர் மாற வேண்டியதில்லை.

டேலியில பிஓஎம் இருக்கே, அது பத்தாதா?

பல கம்பெனிகளுக்குப் பத்தும். டேலியில் ஸ்டாக் ஐட்டத்துக்குள்ளேயே பிஓஎம் வைக்கலாம். மேனுஃபேக்சரிங் ஜர்னல் போடும்போது பொருள் தானாகக் கழியும், கூடுதல் செலவை ரூபாயாகவோ சதவீதமாகவோ ஏற்றலாம். கழிவு, உபபொருள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு.

இல்லாதது வேலை நிமிடமும் மெஷின் மணிக்கூலியும். தையல் முழுவதையும் வெளியே பீஸ் ரேட்டுக்குக் கொடுப்பவருக்கு அது பெரிய குறையில்லை. சொந்த லைன் ஓட்டுபவருக்குத் தையல் செலவு ‘ஏதோ ஒரு சதவீதம்’ ஆகிவிடும். இரண்டு ஸ்டைலுக்கும் ஒரே சதவீதத்தைப் போட்டால் போலோ டி-ஷர்ட் நட்டத்திலும் ரவுண்ட் நெக் லாபத்திலும் ஓடும், கணக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணின்னு எப்படிப் போடுறது?

மார்க்கர் (வெட்ட வேண்டிய பாகங்களைத் துணியில் அடுக்கிக் காட்டும் வரைபடம்) வருவதற்கு முன் பழைய சூத்திரம்தான். உடல் நீளம், கை நீளம், மடிப்பு–தையலுக்கான கூடுதல் மூன்றையும் கூட்டுங்கள்: 72 + 22 + 10 = 104 செ.மீ. அரை மார்பு அளவில் தையலுக்குச் சேர்த்தால் 54 + 4 = 58 செ.மீ. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கத்துக்காக 2-ஆல் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 10,000-ஆல் வகுக்க வேண்டும். 104 × 58 × 2 × 160 ÷ 10,000 என்றால் 193 கிராம்.

இது எம் சைஸின் நிகர எடை. லே முனை (அடுக்கி விரித்த துணியின் ஓரம்), மார்க்கர் இடைவெளி, துணியில் ஓட்டை, கறை என்று தள்ளுவதற்கெல்லாம் 8 முதல் 10% வைப்பது வழக்கம். கம்ப்யூட்டரில் போட்ட (CAD) மார்க்கர் வந்தவுடன் சூத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மார்க்கர் தரும் எண்ணை எடுங்கள். துணியின் டயா (அகலம்) மார்க்கருக்குப் பொருந்தாவிட்டால் பக்கவாட்டில் விழும் பட்டையே 10%-ஐத் தாண்டிவிடும், சூத்திரத்துக்கு அது தெரியாது. கழுத்து ரிப்பைத் தனி வரியாக வையுங்கள், இங்கே 8 கிராம்.

10% வேஸ்ட்னா 10% கூட்டினாப் போதும்ல?

போதாது, வகுக்க வேண்டும். 193-உடன் 10% கூட்டினால் 212.3 கிராம். அதில் 10% வீணானால் கையில் நிற்பது 191 தான், 2 கிராம் குறைகிறது. சரியான கணக்கு 193 ÷ 0.90, அதாவது ஏறக்குறைய 214.5 கிராம். துணி கட்டத்தில் இந்த வித்தியாசம் சின்னது. நூல், சாயம், கட்டிங், ரிஜெக்ஷன் என்று நான்கு கட்டத்திலும் கூட்டிக்கொண்டே வந்தால் ஷிப்மென்ட் சமயத்தில் நூறு பீஸுக்குத் துணி இல்லாமல் நிற்க நேரும்.

பிஓஎம்மில் ‘ப்ராசஸ் லாஸ்’ என்று ஒரு சதவீதக் கட்டமும் இருக்கிறது. பொருளின் அளவிலேயே இழப்பைச் சேர்த்துவிட்டு அந்தக் கட்டத்திலும் சதவீதம் போட்டால் அதே இழப்பு இரண்டு முறை ஏறும். ஏதாவது ஓர் இடம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் சொல்வது, உள்ளே போகும் அளவில் வைப்பது: பிஓஎம்மைத் திறந்த உடனே எத்தனை கிராம் வாங்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும்.

நூல்ல இருந்து டி-ஷர்ட் வரைக்கும் ஒரே பிஓஎம் போடலாமா?

போடலாம், ஆனால் எந்தக் கட்டத்தில் பணம் போகிறது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. மூன்று அடுக்காக வையுங்கள்: நூலிலிருந்து கிரே துணி (சாயம் போடாத துணி), கிரேயிலிருந்து சாயத் துணி, சாயத் துணியிலிருந்து டி-ஷர்ட். மேல் அடுக்கில் ‘சப்-அசெம்ப்ளியின் விலையை அதன் பிஓஎம்மிலிருந்து எடு’ என்ற டிக் இருந்தால் கீழிருந்து விலை ஏறி வரும்.

எங்கள் உதாரணத்தில் நூல் கிலோ 270 ரூபாய், நிட்டிங் இழப்பு 1%. ஒரு கிலோ கிரேக்கு நூல் 272.73, நிட்டிங் கூலி 14 சேர்த்து 286.73. சாயத்தில் எடை இழப்பு 8% என்றால் ஒரு கிலோ சாயத் துணிக்கு 1.087 கிலோ கிரே வேண்டும், அதன் விலை 311.66. டையிங்கும் காம்பாக்டிங்கும் (துணி பிறகு சுருங்காமல் இறுக்கும் வேலை) சேர்த்துக் கிலோவுக்கு 110.

அந்த 110 எந்த எடைக்கு? இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். டிசியில் (டெலிவரி சலான்) அனுப்பிய கிரே எடைக்குப் பில் போட்டால், ஒரு கிலோ சாயத் துணியின் கூலி 119.57 ஆகிறது, மொத்தம் 431.23. திரும்பி வந்த எடைக்கு என்று நினைத்து 110-ஐ அப்படியே கூட்டினால் 421.66. பீஸுக்கு ஏறக்குறைய 2 ரூபாய், 5,000 பீஸுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். டையிங் பட்டறையின் பழைய பில் ஒன்றை டிசியுடன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நிட்டிங், டையிங் கூலி பிஓஎம் செலவுல வரவே மாட்டேங்குதே?

வராது. ஜாப் ஒர்க்குக்கான (வெளியே கூலிக்குக் கொடுக்கும் வேலை) பிஓஎம்மில் மென்பொருள் எதிர்பார்ப்பது நாம் அனுப்பும் பொருளை மட்டும். கூலி என்பது சப்கான்ட்ராக்டிங் ஆர்டரில் சர்வீஸ் ஐட்டமாக வரும், துணி திரும்பி ரசீது போடும்போது அதன் மதிப்பில் ஏறும். ஸ்டாக் கணக்குக்கு அது சரி. ஆர்டர் வருவதற்கு முன் செலவைக் கணிக்க அது உதவாது.

அதற்குத் தனியாக ஒரு கணிப்பு பிஓஎம் போடுங்கள். ‘டையிங் கூலி’ என்று ஸ்டாக் வைக்காத ஐட்டம் ஒன்று உருவாக்கி, கிலோ அலகில், 1.087 என்ற அளவோடு சேர்த்துவிட வேண்டும். இந்த பிஓஎம்மை ‘டிஃபால்ட்’ ஆக்கவே கூடாது. ஆக்கினால் ஜாப் ஒர்க் ஆர்டரும் இதையே பிடித்துக்கொள்ளும், கூலி ஒரு முறை பொருளாகவும் இன்னொரு முறை சர்வீஸாகவும் நிற்கும். பெயரிலேயே அடையாளம் இருக்கட்டும் என்று ஐட்டம் குறியீட்டின் கடைசியில் ‘-கணிப்பு’ சேர்ப்பவர்களும் உண்டு.

வேல்யூவேஷன் ரேட், லாஸ்ட் பர்ச்சேஸ் ரேட், பிரைஸ் லிஸ்ட் – எதை வைக்கணும்?

வேல்யூவேஷன் ரேட் என்பது குடோனில் இருக்கும் சரக்கின் மதிப்பு. லாஸ்ட் பர்ச்சேஸ் என்பது கடைசியாக வாங்கிய விலை, அது அவசரத்துக்கு வாங்கிய இரண்டு மூட்டையின் விலையாகவும் இருக்கலாம். கொட்டேஷனுக்கு இரண்டுமே ஆகாது. 255-க்கு வாங்கிய பழைய நூல் குடோனில் இருக்கிறது என்பதற்காக அடுத்த மாதம் தொடங்கும் ஆர்டரை 255-இல் கணித்தால், நூல் வாங்கப் போகும்போது 270 கேட்பார்கள்.

கொட்டேஷனுக்கு பிரைஸ் லிஸ்ட். ‘கணிப்பு’ என்று ஒரு பையிங் பிரைஸ் லிஸ்ட் தொடங்கி, நூல், கூலி, டிரிம்ஸ் (லேபிள், பாலி பேக் போன்றவை) எல்லாவற்றின் இன்றைய விலையையும் அதில் போட்டு, பிஓஎம்மில் ‘ரேட் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேஸ்டு ஆன்’ என்ற இடத்தில் பிரைஸ் லிஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மில்கள் பொதுவாக மாதத் தொடக்கத்தில் நூல் விலையை அறிவிப்பதால், அன்று இந்த லிஸ்ட்டை ஒருவர் திருத்தினால் போதும். முந்தைய பதிலில் சொன்ன கூலி ஐட்டத்துக்கும் இதுவே வழி. ஸ்டாக் இல்லாத ஐட்டத்துக்கு வேல்யூவேஷன் ரேட் என்று ஒன்று இருக்காது.

தையல் செலவை எப்படி நிமிஷத்துல போடுறது?

முதலில் ஒர்க்ஸ்டேஷன், அதாவது வேலை நடக்கும் மெஷின் அல்லது இடம். அதில் ஒரு மணி நேரத்துக்கான கூலி, மின்சாரம், நுகர்பொருள், வாடகை என்று நான்கு கட்டங்கள் உண்டு. உதாரணமாக டெய்லர் கூலியும் ஹெல்பரின் பங்கும் சேர்த்து 90, மின்சாரம் 6, ஊசி–ஆயில் 3, இடத்துக்கு 6. மொத்தம் மணிக்கு 105, நிமிடத்துக்கு 1.75 ரூபாய். கூலி போடும்போது ஷிப்ட் சம்பளத்தை மட்டும் எடுக்காதீர்கள். பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ், விடுப்புச் சம்பளம், ஆட்களைக் கூட்டி வரும் வண்டி எல்லாம் உள்ளே வர வேண்டும். வாடகையை இங்கே சேர்த்தால் பிறகு ஓவர்ஹெட்டில் அந்தப் பங்கைச் சேர்க்கக் கூடாது.

அடுத்தது நேரம். இந்த டி-ஷர்ட்டின் சாம் 8 நிமிடம் என்று வைப்போம். 8 × 1.75 = 14 ரூபாய் என்று போட்டு முடிப்பது பெரிய தவறு. சாம் என்பது பயிற்சி பெற்றவர் தடையில்லாமல் தைத்தால் ஆகும் நேரம். லைன் 50% எஃபிஷியன்சியில் ஓடினால் உண்மையில் பீஸுக்கு 16 நிமிடச் சம்பளம் போகிறது, செலவு 28 ரூபாய். பிஓஎம்மில் எஃபிஷியன்சிக்கென்று கட்டம் இல்லை, ஆகவே ஆபரேஷன் நேரமாக 16-ஐத்தான் போட வேண்டும். உங்கள் எஃபிஷியன்சி தெரியாவிட்டால் ஒரு வாரக் கணக்கை எடுங்கள்: தைத்த பீஸ் × சாம், அதை ஆட்கள் வேலை செய்த மொத்த நிமிடத்தால் வகுத்தால் வந்துவிடும்.

நாங்க வெளியே பவர் டேபிள்ல (கூலிக்குத் தைக்கிற யூனிட்) பீஸ் ரேட்டுக்குக் கொடுக்கிறோம். நிமிஷம் எதுக்கு?

செலவுக்குத் தேவையில்லை. பீஸ் ரேட்டை டையிங் கூலிபோலவே சர்வீஸ் ஐட்டமாகச் சேர்த்துவிடலாம். ஆனால் ஒப்பந்தக்காரர் பீஸுக்கு 2 ரூபாய் ஏற்றிக் கேட்கும்போது, அந்த ஸ்டைலில் உண்மையிலேயே வேலை கூடியிருக்கிறதா என்று பேச நிமிடக் கணக்கு கையில் இருந்தால் நல்லது.

கடைசியா இந்த டி-ஷர்ட்டுக்கு எவ்வளவுதான் ஆச்சு?

துணி 0.2145 கிலோ, 431.23 வீதம் 92.50. ரிப் 3.60. லேபிள், நூல்கண்டு, டேக், பாலி பேக், அட்டைப்பெட்டியின் பங்கு எல்லாம் சேர்த்து 7.00. பொருள் செலவு 103.10. கட்டிங் 2.50, தையல் 28.00, செக்கிங்–அயர்னிங்–பேக்கிங் 7.50. ஓவர்ஹெட் 10.00, அது எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வியில். பீஸுக்கு 21.45 கிராம் கட்டிங் வேஸ்ட் விழும், கிலோ 30 ரூபாய்க்குப் போனால் 64 பைசா கழியும். மொத்தம் 150.46.

இது தைத்த பீஸின் செலவு. ஏற்றுமதியாகும் பீஸின் செலவு வேறு. 3% ரிஜெக்ஷன் என்றால் 150.46 ÷ 0.97 = 155.11. ஆர்டர் 5,000 என்றால் கட்டிங்குக்கு 5,155 பீஸ் போக வேண்டும். ரிஜெக்ட் ஆனதைச் செகண்ட்ஸாக விற்கும் பணத்தை இந்தக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். பிராண்டு பெயர் போட்ட சரக்கை வெளியே விற்கவே விடாத பையர்கள் இருக்கிறார்கள்.

ஆபீஸ் வாடகை, மேனேஜர் சம்பளம் இதெல்லாம் எங்க சேர்க்கிறது?

முதலில் இரண்டாகப் பிரியுங்கள். சூப்பர்வைசர், ஜெனரேட்டர், மெஷின் தேய்மானம், ஆலையின் பொதுச்செலவு உற்பத்தி ஓவர்ஹெட். ஆபீஸ் நிர்வாகமும் விற்பனைச் செலவும் அதில் சேராது. சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம் 2-ம் இதைத்தான் சொல்கிறது: நிர்வாகம், விற்பனை, அனுப்பும் செலவு எதையும் சரக்கின் மதிப்பில் ஏற்றக் கூடாது. அவை கொட்டேஷன் தாளில் வரட்டும்.

உற்பத்தி ஓவர்ஹெட்டை எந்த எண்ணால் வகுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாதம் 6 லட்சம் செலவு, வழக்கமான உற்பத்தி 60,000 பீஸ் என்றால் பீஸுக்கு 10 ரூபாய். மந்தமான மாதத்தில் 40,000 பீஸ்தான் ஓடியது. அப்போது 15 என்று மாற்றினால் கொட்டேஷன் விலை ஏறும், ஆர்டர் கைநழுவும், அடுத்த மாதம் 30,000 ஓடும், ஓவர்ஹெட் 20 ஆகும். அந்த வழியில் போகக் கூடாது. வகுப்பது எப்போதும் இயல்பான உற்பத்தித் திறனால். மீந்துநிற்கும் 2 லட்சம் அந்த மாத நட்டம், அதைச் சரக்கின் தலையில் ஏற்றக் கூடாது. கணக்கியல் தரத்தின் விதியும் இதுவே.

மென்பொருளில் இதை ஏற்ற எளிய வழி, மேலே பிரித்த ஓவர்ஹெட்டை நிமிடக் கணக்காக்கி ஒர்க்ஸ்டேஷன் மணிக்கூலியில் சேர்ப்பது. அப்படிச் செய்தால் 16 நிமிட ஸ்டைலும் 30 நிமிட ஸ்டைலும் ஒரே பங்கைச் சுமக்காது.

ஜிஎஸ்டியைச் சேர்க்கணுமா? லாரி வாடகை?

உள்ளீட்டு வரி வரவு எடுப்பவர்களும் ரீஃபண்ட் வாங்குபவர்களும் ஜிஎஸ்டியைச் சேர்க்கக் கூடாது, திரும்பி வரும் பணம் செலவாகாது. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழில் செய்பவர் விற்பனையில் ஒரு குறைந்த சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவருக்கு வரவு கிடையாது, அவருக்கு அது செலவுதான். லாரி வாடகை எல்லோருக்கும் செலவு.

பர்ச்சேஸ் இன்வாய்ஸின் வரி அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் ‘டோட்டல்’, ‘வேல்யூவேஷன்’, ‘வேல்யூவேஷன் அண்ட் டோட்டல்’ என்று மூன்று தேர்வு இருக்கும். ஜிஎஸ்டிக்கு ‘டோட்டல்’, வாடகைக்கு ‘வேல்யூவேஷன் அண்ட் டோட்டல்’. இது தலைகீழாகப் போனால் நூலின் மதிப்பே தப்பாக ஏறும், அதை வைத்து வரும் எல்லா அறிக்கையும் தப்பாகும். லாரிக்காரர் பில் பிறகு தனியாக வந்தால் ‘லேண்டட் காஸ்ட் வவுச்சர்’ போட வேண்டும்.

ஒரே ஸ்டைல்தான், அஞ்சு கலர் ஆறு சைஸ். முப்பது பிஓஎம் போடணுமா?

சைஸைச் சராசரியாக்கலாம், கலரைக் கூடாது. முன்பு போட்ட 193 கிராம் எம் சைஸ். கணக்கு எளிதாக இருக்க நான்கு சைஸை மட்டும் எடுப்போம். எஸ் 180, எல் 206, எக்ஸ்எல் 220 என்று இருந்து ஆர்டர் விகிதம் 1:2:2:1 என்றால் சராசரி 199.7 கிராம். எம் சைஸை வைத்தே கணித்திருந்தால் வேஸ்ட்டோடு சேர்த்துப் பீஸுக்கு 7 கிராமுக்கு மேல், அதாவது 3 ரூபாய்க்கு மேல், கணக்கில் இல்லாமல் போயிருக்கும். எனவே விகிதம் வந்தவுடன் எடையிட்ட சராசரியைப் போட்டு ஒரே பிஓஎம்மில் கணிக்கலாம். ஆர்டர் உறுதியாகி நூலும் டிரிம்ஸும் வாங்கும்போது சைஸ்வாரி வேண்டும்.

கலர் அப்படியல்ல. வெள்ளைக்கும் நேவி, கறுப்புக்கும் டையிங் ரேட்டே வேறு, எடை இழப்பும் வேறு. கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் செலவும் திருப்பூர் டையிங் கூலியில் அடக்கம் என்பதால், மீண்டும் சாயம் போட நேரும் ஷேட் இரட்டைச் செலவு வைக்கும். சாயத் துணி அடுக்கில் கலருக்கு ஒரு பிஓஎம், மேலே டி-ஷர்ட்டை டெம்ப்ளேட்டாக வைத்துக் கலர் வேரியன்ட்டுகள் என்று பிரித்தால் முப்பது ஐந்தாகக் குறையும்.

சின்ன ஆர்டர்னா ஏன் செலவு தப்பா வருது?

ஒரு முறை மட்டும் ஆகும் செலவைப் பீஸ் கணக்கில் போட்டிருப்பீர்கள். புது ஸ்டைலுக்கு லைன் மாற்ற 20 மெஷின் 4 மணி நேரம் நின்றால் 20 × 4 × 105 = 8,400 ரூபாய். 5,000 பீஸில் அது 1.68. 500 பீஸில் 16.80. பிஓஎம் ஆபரேஷனில் ‘ஃபிக்ஸ்டு டைம்’ என்று ஒரு டிக் உண்டு. லைன் மாற்றம், பேட்டர்ன், மார்க்கர் போன்றவற்றைத் தனி ஆபரேஷனாக்கி அந்த டிக்கைப் போட்டால் ஆர்டர் எண்ணிக்கையோடு அந்த நேரம் பெருகாது. அப்போது பிஓஎம்மின் அளவையும் 1 என்று வைக்காமல் ஆர்டரின் அளவாக வைக்க வேண்டும்.

சின்ன ஆர்டரில் சாயத்தின் குறைந்தபட்ச லாட் இன்னொரு பிரச்சினை. 60 கிலோ துணிக்கு 100 கிலோ பாத்திரத்தின் கூலி கேட்டால் அந்த வித்தியாசமும் அந்த ஆர்டரின் செலவுதான்.

நூல் விலை ஏறிடுச்சு. எல்லா பிஓஎம்மையும் திறந்து மாத்தணுமா?

வேண்டாம். பிரைஸ் லிஸ்ட்டில் நூலின் விலையை மாற்றிவிட்டு ‘பிஓஎம் அப்டேட் டூல்’ போய் எல்லா பிஓஎம்மிலும் புதிய விலையை ஏற்றச் சொல்லுங்கள். அடுக்கடுக்காக இருக்கும் பிஓஎம்களும் கீழிருந்து மேலாகத் திருந்தும். ஒரே ஒரு பிஓஎம் என்றால் அதற்குள்ளேயே ‘அப்டேட் காஸ்ட்’ பட்டன் போதும்.

இதில் மாறுவது விலை மட்டும். சப்மிட் செய்த பிஓஎம்மில் கிராமையோ நிமிடத்தையோ திருத்த முடியாது, புதிய பதிப்பு போட வேண்டும். எது மாறியது என்று மறந்துபோனால் ‘பிஓஎம் கம்பேரிசன் டூல்’ இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துக் காட்டும். தினமும் தானாக விலை திருந்தும் வசதியும் மேனுஃபேக்சரிங் செட்டிங்ஸில் உண்டு. பையருக்குக் கொடுத்த விலையின் அடிப்படை மாறிவிடும் என்பதால் கொட்டேஷன் அனுப்பிய அன்றே பிஓஎம் செலவைப் பிடிஎஃப் எடுத்துக் கொட்டேஷனோடு இணைத்துவிடுங்கள்.

செலவு 155 ரூபாய். 15% லாபம் வச்சா 178-தானே?

155.11 × 1.15 = 178.38. இது செலவின் மேல் 15%. விற்பனை விலையில் 15% வேண்டும் என்றால் 155.11 ÷ 0.85 = 182.48. பீஸுக்கு 4 ரூபாய் வித்தியாசம், முதலாளி எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்பே ஆபீஸ் செலவு, ஏஜென்ட் கமிஷன், துறைமுகம் வரை வண்டி, வட்டி எல்லாம் கொட்டேஷன் தாளில் சேர வேண்டும். நூல் வாங்கி 120 நாள் கழித்துப் பணம் வந்தால் 10% வட்டியில் 155.11-க்கு 5.10 ரூபாய் போகிறது, லாபத்தில் நல்ல பங்கு அது. ஏற்றுமதியாளர்களுக்கு அரசு வரியைத் திருப்பித் தரும் டிராபேக், ஆர்ஓஎஸ்சிடிஎல் போன்ற சலுகைகளை பிஓஎம்மில் கழிக்கவே கூடாது. அரசு விகிதத்தை மாற்றும் நாளில் எல்லா ஸ்டைலின் செலவும் தப்பாகிவிடும். கொட்டேஷன் தாளின் அடியில் தனி வரியாக இருக்கட்டும்.

செலவு ஜீரோன்னு காட்டுது. இன்னொண்ணுல ஒரு டி-ஷர்ட் 92,000 ரூபாய்னு காட்டுது!

ஜீரோ என்றால் அந்த ஐட்டத்துக்கு விலை இல்லை: இதுவரை வாங்காததால் வேல்யூவேஷன் ரேட் கிடையாது, அல்லது பிரைஸ் லிஸ்ட்டில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். மொத்தத்தில் இது கண்ணில் படாது. பத்து வரியில் ஒன்று ஜீரோவாக இருந்தாலும் மொத்தம் நம்பும்படியாகவே வரும், ஆகவே வரிவாரியாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

92,000 என்றால் அலகு. துணியின் விலை கிலோவில் இருக்கிறது, பிஓஎம்மில் 0.2145 கிலோ என்பதற்குப் பதில் 214.5 என்று போட்டு அலகைக் கிலோவாகவே விட்டிருக்கிறீர்கள். ரிப்பை மீட்டரில் வாங்கிக் கிலோவில் செலவு செய்பவர்கள் ஐட்டத்துக்குள் மாற்று விகிதத்தைப் போட்டாக வேண்டும், ஜிஎஸ்எம்மும் டயாவும் மாறினால் அந்த விகிதமும் மாறும்.

எப்பப் பார்த்தாலும் கணிச்சதும் ஆனதும் ஒண்ணாவே வருது. நாங்க அவ்வளவு துல்லியமாவா போடுறோம்?

இல்லை. மேனுஃபேக்சரிங் செட்டிங்ஸில் ‘பேக்ஃப்ளஷ்’ என்ற இடத்தில் ‘பிஓஎம்’ என்று இருக்கும். அப்படியென்றால் 5,000 பீஸ் முடிந்தது என்று பதிவு போட்டவுடன் மென்பொருள் பிஓஎம்மின் கணக்குப்படியே துணியைக் கழித்துவிடுகிறது. உண்மையில் எவ்வளவு வெட்டினீர்கள் என்று அது கேட்பதே இல்லை. வித்தியாசமெல்லாம் குடோன் ஸ்டாக்கில் சேர்ந்துகொண்டே போய், வருட முடிவில் எண்ணும்போது நூறு கிலோ துணியைக் காணோம் என்று தெரியவரும்.

அதை ‘மெட்டீரியல் டிரான்ஸ்ஃபர்டு ஃபார் மேனுஃபேக்சர்’ என்று மாற்றுங்கள். கட்டிங்குக்கு எடை போட்டுக் கொடுத்த துணி, திரும்பி வந்த மீதி இரண்டையும் பதிவு செய்தால் உண்மையான செலவு தெரியும். ‘ஒர்க் ஆர்டர் கன்ஸ்யூம்டு மெட்டீரியல்ஸ்’ அறிக்கையில் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தையலுக்கு ஜாப் கார்டில் தொடங்கிய, முடித்த நேரத்தைப் போட வேண்டும். ஷிப்ட் முடிவில் சூப்பர்வைசர் மொத்தமாக 16 நிமிடம் என்று நிரப்பினால் அதே கதைதான். இந்த மாற்றத்துக்குப் பிறகு முதல் இரண்டு ஆர்டரில் வித்தியாசம் பயமுறுத்தும் அளவுக்கு இருக்கும். அதில் எடை போடாமல் கொடுத்தது எவ்வளவு, உண்மையில் வீணானது எவ்வளவு என்று பிரித்த பிறகே பிஓஎம்மில் கை வையுங்கள்.

லாட் முழுக்க ஷேட் தப்பி மறுபடி சாயம் போட்டோம். அந்தச் செலவை ஸ்டைல் மேல ஏத்தலாமா?

ஆர்டர் லாபத்தைப் பார்க்கும்போது ஏற்றுங்கள், அந்த ஆர்டர் அதைச் சுமந்தது உண்மை. சரக்கு மதிப்பில் ஏற்றாதீர்கள். இயல்புக்கு மீறிய வீணடிப்பு அந்தக் காலத்தின் செலவாகவே எழுதப்பட வேண்டும் என்பது முன்பு சொன்ன கணக்கியல் தரத்தின் விதி. பிஓஎம்மிலும் கூடாது, அடுத்த கொட்டேஷனில் அது ஒளிந்துகொண்டு விலையை ஏற்றும். மூன்று ஆர்டருக்கு ஒரு முறை இப்படி ஆகிறது என்றால் அது விபத்தல்ல. அப்போது இழப்புச் சதவீதத்தை மாற்றலாம், டையிங் பட்டறையையும் மாற்றலாம்.

ஆர்டர் ஓடிக்கிட்டிருக்கும்போதே புது பிஓஎம் போட்டா என்ன ஆகும்?

ஓடும் ஆர்டருக்கு ஒன்றும் ஆகாது. ஒர்க் ஆர்டர் (உற்பத்தி உத்தரவு) உருவாக்கும்போதே பொருள் பட்டியலைத் தனக்கென்று பிரதி எடுத்துக்கொள்ளும், பிறகு பிஓஎம் மாறினாலும் அது பழைய பட்டியலோடுதான் ஓடும். பாதி ஆர்டருக்கு லேபிள் மாறியது, பாலி பேக் மாறியது என்றால் மீதமுள்ள எண்ணிக்கைக்குப் புதிய ஒர்க் ஆர்டர் போட்டு, பழையதை முடிந்த அளவோடு ‘ஸ்டாப்’ செய்துவிடுங்கள். பழைய பிஓஎம்மை ரத்து செய்ய வேண்டாம், ‘ஆக்டிவ்’ டிக்கை எடுத்தால் போதும்.